எதிரில் நிற்பவன்

முதல் கண்ணாடி உடைந்தது திங்கட்கிழமை.
கல் என்று நினைத்தேன்.
நம்மேல் யாருக்குக் கோபம் என்று
தெருவே இல்லாத இடத்தில்
தெருவைப் பார்க்க ஓடினேன்.

முட்டைக்கோஸ் பாத்திக்கும் சமையலறைக்கும் நடுவில்
வான்கோழியைவிடப் பெரிதாய்
கரிக்கட்டை நிறத்தில் ஒன்று நின்றது.
தொண்டையில் சிவப்புப் பை,
மழித்துக்கொள்ளும்போது வெட்டுப்பட்டவன் கழுத்தைப்போல.
கண்ணுக்கு மேல் நீள நீளமாய் இமைமயிர்.
சலோச்சினி அதைத்தான் முதலில் பார்த்தாள்.
"மை தீட்டின மாதிரி இருக்கு" என்றாள்,
காலடியில் சில்லுகள் கிடக்க.

புதனுக்குள் மூன்று கண்ணாடி.
இக்ஸோப்போவிலிருந்து ஆள் வந்து போட
ஒன்றுக்கு நானூற்றைம்பது ராண்ட்,
பெட்ரோல் தனி.
காப்பீட்டுக்காரப் பெண் போனில்
"பறவையா?" என்று கேட்டுவிட்டு
நெடுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

மைத்துனன் பூபாலன் ஃபீனிக்ஸிலிருந்து
காற்றுத் துப்பாக்கியோடு வந்தான்.
பால் கொண்டுவந்த துமிசானி
அன்று கேட்டைத் தாண்டவில்லை.
"இன்சிங்கிசி. அதைக் கொன்றால்
மழை பிடித்துக்கொள்ளும். நிற்காது."
ஆறு மாதமாய் அடி தெரிகிற தொட்டியைப்
பார்த்தான் பூபாலன். பிறகு என்னை.
"அப்போ சுட்டுடலாமே மச்சான்."
சிரித்தது அவன் மட்டும்தான்.
சிரித்து முடித்தபின்
அவனே துப்பாக்கியை உறையில் போட்டான்.

ஹோவிக்கிலிருந்து பறவைக்காரர்கள் சொன்னார்கள்:
கூட்டமாய் வாழ்கிற இனம், இது தனித்துப்போனது.
கண்ணாடியில் தெரிவதை
எதிரி என்று நினைத்துக் கொத்துகிறது.
ஜன்னலை மறையுங்கள். சாப்பாடு வைக்காதீர்கள்.
"எதிரின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"
சலோச்சினி கேட்டாள்,
நான் போனை வைத்த பிறகு,
என்னிடம்.

சோப்பைக் குழைத்து எல்லா ஜன்னலிலும் பூசினோம்.
வீடு மோருக்குள் இறங்கியதுபோல் ஆனது.
பகலில் விளக்கு. வெயில் எங்கே நிற்கிறதென்று
வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சாப்பாடு.
வேன் கண்ணாடிகளுக்கு என் காலுறைகள்.

அது போகவில்லை.
இவ்வளவு நாள் எதிரில் நின்றவன் எங்கே என்று
சுவரோரம் நடந்தது, திரும்பி நடந்தது,
வெளுத்துப்போன ஒவ்வொரு ஜன்னல் முன்னும்
தலையைச் சாய்த்து நின்றது.
விடியுமுன் அதன் குரல்:
காலிப் பீப்பாய்க்குள் தலைவிட்டு
யாரோ ஒரே பெயரை
நான்கு முறை சொல்வதுபோல.
இருவரும் விழித்தே படுத்திருந்தோம்.
தூங்குகிற மாதிரி மூச்சுவிட்டோம்.

சனிக்கிழமை அவள் என்னைக் கேட்கவில்லை.
கல்யாணத்துக்கு அவள் அத்தை கொடுத்த
எவர்சில்வர் தாம்பாளத்தைப் புளிபோட்டுத் தேய்த்து
வேலிக்கப்பால் வாட்டில் மரத்தில்
சாய்த்துவைத்துவிட்டு வந்தாள்.
"சாப்பாடுதானே வைக்கக்கூடாதுன்னாங்க?"

டங்.
மூன்று வாரம் அதுதான் எங்கள் அலாரம்.
டங், டங், பிறகு ஒரு நீண்ட இடைவெளி.
அந்த இடைவெளியில் என்ன செய்கிறதென்று
ஒருநாள் பல் துலக்கியபடியே போய்ப் பார்த்தேன்.
வாயில் ஒரு வெட்டுக்கிளி. கால்கள் இன்னும் உதைத்தன.
அதைத் தாம்பாளத்தின் முன் நீட்டியது.
எதிரிலிருந்தவனும் ஒன்றை நீட்டினான்.
யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.
காத்திருந்தது. என் வாயில் நுரை வழிந்தது.
கடைசியில் தானே விழுங்கிவிட்டு
மறுபடி டங்.

பறவைக்காரர்களுக்கு நான் இதைச் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சத்தம் இல்லை.
புதனும் இல்லை.
மலைச்சரிவில் நான்கைந்தாகப் பார்த்ததாய்த்
துமிசானியின் தம்பி சொன்னான்,
பார்த்தவன் வேறொருவன் என்றும் சொன்னான்.
ஒன்பது நாள் கழித்து மழை பெய்தது,
ஒரு மத்தியானம், அவ்வளவுதான்.
ஜன்னல் சோப்பில் பாதியைக் கழுவிவிட்டு நின்றது.

தாம்பாளத்தை எடுத்துவரப் போனேன்.
குழிகுழியாய் இருந்தது.
குனிந்தபோது முப்பது துண்டாய் ஒரு கிழவன்.
நான் தலையைச் சாய்த்தேன்.
முப்பதும் சாய்ந்தன.

வெறுங்கையோடு திரும்பினேன்.
அவள் ஏன் என்று கேட்கவில்லை.